தொண்ணூறு அடி

“நெகடிவையுமா அனுப்பின?”

“ரெண்டையும்தான்.”

“நீ பிரிண்டை மட்டும்தான் அனுப்பியிருப்பேன்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

“ரெண்டும் வேணும்னுதான் தணிக்கைக் குழு உத்தரவுல போட்டிருந்தது, மிஸ்டர் டெயிட்.”

ஆக்டேவியஸ் டெயிட் கையிலிருந்த தகர டப்பாவை மேசைமேல் மெதுவாக வைத்தார். அதற்குள் ஒன்றுமில்லை என்பது அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. இருந்தாலும் மூடியைத் தேடி எடுத்து மூடினார்.

கீழே சலவைக்கடை. தரைப்பலகைகளின் இடுக்கு வழியாகச் சோப்பு மணத்தோடு நீராவி ஏறி வந்துகொண்டிருந்தது. மேலே இருந்த இந்த ஒற்றை அறைதான் அவருடைய படக் கம்பெனி. கறுப்பர்கள் நடித்து, கறுப்பர்கள் பார்ப்பதற்காக எடுத்த இரண்டு படங்களும் இங்கேதான் வெட்டி ஒட்டப்பட்டன. வெட்டி ஒட்டியவள் ஐடெல்லா பெட்டிஃபோர்ட். இருபத்து நான்கு வயது. தொப்பியைக்கூடக் கழற்றாமல் கதவருகில் நின்றாள். அவளுடைய அப்பா லெமுவேல் அன்று காலை ஐந்தரை மணிக்கு இறந்திருந்தார். இன்னும் ஒன்பதுகூட ஆகவில்லை.

நான்கு நாள் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாள். டெயிட் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, வீட்டில் அப்பாவின் போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். லெமுவேல் வாழ்நாளில் ஒருமுறைகூடப் போட்டோ கடைப் படி ஏறியதில்லை. அப்படியானால் நான் தருகிறேன் என்று டெயிட் எழுந்தார். துக்க வீட்டுக்குத் தன்னாலும் ஏதோ செய்ய முடிகிறது என்ற தெம்பு அவர் முகத்தில் வந்திருந்தது. படத்தின் நெகடிவிலிருந்து ஒரு கட்டத்தை எடுத்துப் பெரிதாக்கி, அட்டையில் ஒட்டி, நாளை தேவாலயத்தில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கலாம். சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம். அதற்காகத்தான் டப்பாவைத் தேடினார்.

“மத்தவங்கள்லாம் என்ன பண்றாங்க தெரியுமா, மிஸ் பெட்டிஃபோர்ட்?” என்றார். வெள்ளைக்காரர்கள் யாரும் இவர்களை மிஸ்டர் என்றோ மிஸ் என்றோ கூப்பிடுவதில்லை என்பதால், தன்னிடம் வேலை பார்ப்பவர்களை டெயிட் அப்படித்தான் கூப்பிடுவார், திட்டும்போதும். “தொண்ணூறு அடின்னு உத்தரவு வந்தா, கழிவுக் கூடையிலேர்ந்து தொண்ணூறு அடி அளந்து அனுப்பிடுவாங்க. அங்க எவனும் போட்டுப் பாக்கறதில்ல. ஆத்துக்கு அந்தாண்ட ஒருத்தன் கோழிப்பண்ணைப் படத்த அனுப்பினான். ரசீது வந்துச்சு. நான் உன்கிட்ட சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க.”

“அப்புறம்?”

“அப்பாகிட்ட கேட்டேன். உத்தரவுல என்ன இருக்கோ அத அப்படியே அனுப்புன்னாரு.”

“அது தன்னோட துண்டுன்னு தெரிஞ்சுமா?”

ஐடெல்லா கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக்கொண்டாள். டெயிட் மறுபடி கேட்கவில்லை.

நான்காவது சுருளில் வந்தது அந்தக் காட்சி. ஒரு கறுப்புக் குடும்பத்தின் வீட்டை நோக்கித் தீப்பந்தங்களோடு ஒரு கூட்டம் வருகிறது. கதவு திறக்கிறது. வீட்டுக்காரர் வெளியே வந்து படியில் நிற்கிறார். துப்பாக்கி இல்லை, தடி இல்லை. கூட்டத்தில் முன்னால் நிற்பவனைக் கைநீட்டிக் காட்டி, அவன் பெயரைச் சொல்கிறார்; ஊமைப்படம் என்பதால் பெயர் திரையில் எழுத்தாக வருகிறது. அடுத்தவனைக் காட்டி, அவன் பெயரையும் சொல்கிறார். அப்படியே ஒவ்வொருவனாக. எல்லாரும் அவருக்குத் தெரிந்தவர்கள்தாம். பெயர் சொல்லப்பட்டவன் பந்தத்தைத் தாழ்த்துகிறான். அவ்வளவுதான் காட்சி. அதில் நின்றவர் லெமுவேல். நிலக்கரி வண்டியில் மூட்டை தூக்கித் தூக்கி வளைந்த முதுகு அன்று எப்படியோ நிமிர்ந்திருந்தது. ஒரே தடவையில் எடுத்து முடித்ததும், கேமராக்காரன் தொப்பியைக் கழற்றிவிட்டு அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

டெயிட் அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஏழு வருஷத்துக்கு முந்தைய கதை. ஊரின் பெரிய தியேட்டரில் அப்போது லெமுவேலுக்குப் பெருக்குகிற வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்தாம் வருஷம் அந்தப் படம் அங்கே வந்தது. அதன் பெயரை அவர்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை, அந்தப் படம் என்றுதான் சொல்வார்கள். முகத்தில் கரி பூசிய வெள்ளைக்காரர்கள் கறுப்பராக நடித்து, கொள்ளையடித்தார்கள், பெண்களைத் துரத்தினார்கள். முகமூடி போட்டவர்கள் குதிரையில் வந்து அவர்களைத் தூக்கில் போட்டார்கள். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஓய்ந்த பிறகு அவர்கள் தின்று போட்ட வேர்க்கடலைத் தோலை லெமுவேல் ஏழு நாள் பெருக்கினார். எட்டாம் நாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு எதிர்ச்சாரிக்குப் போய், படத்தை எதிர்த்து அட்டை பிடித்துக்கொண்டிருந்தவர்களோடு சேர்ந்து நின்றார். முட்டை வந்து விழுந்தது. நின்றார். வேலை போனது. அன்று அவர் நின்ற நிற்பைத் தெருவின் மறுபக்கத்திலிருந்து டெயிட் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் மனு எழுதினார்கள். இப்படிப்பட்ட படங்களைத் தடுக்க ஒரு சட்டம் வேண்டும், படம் வெளிவருவதற்கு முன்னால் பார்த்து வெட்ட ஒரு குழு வேண்டும் என்று. நிலக்கரி வண்டியை விட்டு இறங்கியதும் லெமுவேல் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டிக் கையெழுத்து வாங்கினார். சட்டம் வந்த நாளில் தேவாலயத்தில் மணி அடித்தார்கள். அதற்குப் பிறகு அவருக்குக் குழந்தை பிறந்ததைப்போல ஒரு பெருமை. நம்ம சட்டம், நம்ம சட்டம் என்பார்.

பிப்ரவரியில் அந்தக் குழுவிடமிருந்து டெயிட்டின் படத்துக்கு உத்தரவு வந்தபோது ஐடெல்லா அதை அப்பாவிடம் காட்டவில்லை. வாயால்தான் கேட்டாள். ஒரு துண்டு வெட்டச் சொல்கிறார்கள், வேறெதையாவது அனுப்பிவிடு என்கிறார் மிஸ்டர் டெயிட், என்ன செய்ய? லெமுவேல் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலிருந்து நிமிர்ந்தார். நாம் கேட்டு வாங்கின சட்டத்தை நாமே ஏமாற்றினால், நாளைக்கு அந்தப் படம் திரும்பி வரும்போது எந்த முகத்தோடு போய் நிற்பது என்று கேட்டார். எந்தத் துண்டு என்று அவர் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அனுப்பு என்றிருப்பார், இல்லை, அனுப்பாதே என்றிருப்பார். இரண்டில் எதைக் கேட்பதற்கும் அவளுக்குத் தெம்பில்லை. கத்தரியை எடுத்துக் கோடு பிசகாமல் வெட்டினாள். இரு முனைகளையும் பசை வைத்து ஒட்டினாள். இரண்டு நாள் விரல்களில் அந்தப் பசையின் அழுகிய வாழைப்பழ வாசம் இருந்தது.

“மூணு மாசம் வெச்சிருப்பாங்கன்னு கேள்வி” என்றார் டெயிட், நாட்காட்டியைப் பார்த்தபடி. “இன்னும் எட்டு நாள் இருக்கு. நான் போனா உள்ள விடமாட்டாங்க. போன தடவ கொஞ்சம் காரமாப் பேசிட்டேன். நீ போறியா?”

அம்மாவுக்கு என்ன சொல்வது என்று அவள் யோசித்தாள். கறுப்புக் கையுறை வாங்கப் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தணிக்கைக் குழுவின் அலுவலகம் அரசுக் கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. லிஃப்ட்காரன் அவளைப் பார்த்ததும் கம்பிக்கதவை இழுத்து மூடிக்கொண்டான். படியேறிப் போனாள். மேலே மிஸ் ஹாலரன் என்ற வெள்ளைக்காரப் பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மெலிந்த, சாந்தமான முகம். டெயிட் கம்பெனி என்றதும் அந்த முகம் மலர்ந்தது.

“ஓ, நீதானா அந்தப் பொண்ணு? நான் இங்க எல்லார்கிட்டயும் சொல்லுவேன். உங்க ஆளுங்கள்ல ஒருத்தராவது சொன்னதச் சொன்னபடி அனுப்பறாங்களே, நெகடிவோடன்னு. ஓரங்கூட பிசிறு இல்ல. ரொம்ப சுத்தமான வேல.”

ஐடெல்லா நன்றி சொன்னாள். பிறகு, வந்த விஷயத்தைச் சொன்னாள். அந்தத் துண்டைப் படத்தில் திரும்பச் சேர்ப்பதற்காக இல்லை. ஒரு கட்டம் போதும். கடன் மாதிரி ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்தால்கூடப் போதும். இங்கேயே உட்கார்ந்து, யாராவது பார்த்துக்கொண்டிருக்க, பிரதி எடுத்துவிட்டுத் தருகிறோம்.

மிஸ் ஹாலரன் அட்டைப் பெட்டியில் தேடி ஒரு சீட்டை உருவினாள். அதைப் படித்தபோது அவளுக்கே வருத்தமாக இருந்தது என்பதை ஐடெல்லா பார்த்தாள்.

“மூணு மாசம்கறது அப்பீல் போட்டவங்களுக்கு. உங்க முதலாளி போடலையே?”

“ஈஸ்டருக்குள்ள படத்த ஓட்டணும்னு இருந்தாரு, மேடம்.”

“போடாதது அந்தந்த வெள்ளிக்கிழமையே போயிடும். பின்னால ஒரு பீப்பா இருக்கு. பிலிம் எப்படி எரியும்னு உனக்குத் தெரியாததா? சட்டுனு முடிஞ்சிடும்.”

எந்த வெள்ளிக்கிழமை என்று ஐடெல்லா கேட்டாள். சீட்டில் தேதி இருந்தது. அவள் அனுப்பிய மூன்றாம் நாள். அப்பா அந்தச் சமயத்தில் படம் வரப்போகிறது என்று சட்டையைக் கஞ்சிபோட்டு வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சீட்டின் அடியில் காரணம் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. ஓர் இனத்தாருக்கு மற்றோர் இனத்தார்மேல் வெறுப்பை மூட்டக்கூடிய காட்சி. அந்த வாக்கியத்தை அவள் படித்து முடிக்க வேண்டியிருக்கவில்லை. மிஸ் ஹாலரன் அவள் முகத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டாள். சமாதானப்படுத்துகிற மாதிரி எழுந்துபோய், இழுப்பறையிலிருந்து கட்டிய தாள்களைக் கொண்டுவந்தாள்.

“எங்களா எதுவும் செய்யறதில்லம்மா. சட்டத்துல இருக்கறததான் செய்யறோம். இது நீங்க எழுதிக் குடுத்ததுதானே. பாரு, அதே வார்த்தை.”

ஐடெல்லா பார்த்தாள். மனுவின் முதல் பக்கம். உருண்டை உருண்டையான பள்ளிக்கூடக் கையெழுத்து. சமையலறை மேசையில் அப்பா சொல்லச் சொல்லப் பதினெட்டு வயதில் அவள் எழுதியது. வெறுப்பை மூட்டும் என்று எழுதியிருந்தாள் முதலில். மூட்டக்கூடிய என்று போடு, அப்போதுதான் அவர்களால் தப்பிக்க முடியாது என்றார் அப்பா. அடித்துத் திருத்தியது அப்படியே தெரிந்தது. அதற்குக் கீழே முதல் கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தாக அழுத்திப் போட்டது: லெமுவேல் பெட்டிஃபோர்ட்.

இந்தத் தாளையாவது எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அரசாங்கக் காகிதம், கொடுப்பதற்கில்லை, வேண்டுமானால் நிதானமாகப் பார்த்துவிட்டுப் போ என்றாள் மிஸ் ஹாலரன். சொல்லிவிட்டுத் தட்டச்சுக்குத் திரும்பினாள். ஐடெல்லா பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“அந்தப் படம் என்னாச்சு, மேடம்? இந்த மனு எதுக்கு எழுதினோமோ அது.”

“அதுவா? ரெண்டு எடத்துல வெட்டினோமே. சின்னச் சின்னதா. அது சரித்திரப் படமாச்சே, ரொம்பக் கை வெக்க முடியாதுன்னுட்டாங்க. போன மாசம்கூட ஓடிச்சு. நீ பாக்கலையா?”

ஐடெல்லா தாள்களை விளிம்பு சேர்த்து அடுக்கிக் கொடுத்தாள். கதவு வரை வந்தபோது மிஸ் ஹாலரன் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“அந்தத் துண்டுல நின்னானே, அவன் யாரு, நடிகனா?”

“இல்ல, மேடம்.”

“ஒண்ணுமே செய்யல அவன். சும்மா நின்னான். பேர் சொன்னான். ஆனா பாத்துட்டு எங்க யாருக்குமே மத்தியானம் சாப்பாடு எறங்கல. அதான் முழுசா எடுத்துடச் சொன்னாங்க.”

வீட்டுக்குத் திரும்பியபோது மதியம் தாண்டியிருந்தது. துக்க வீட்டு வழக்கப்படி கண்ணாடிமேல் துப்பட்டி போட்டிருந்தார்கள். கடிகாரத்தை ஐந்தரையில் நிறுத்தியிருந்தார்கள். முன்னறையில் அப்பாவைப் பலகைமேல் கிடத்தி, நெஞ்சில் உப்புத் தட்டு வைத்திருந்தார்கள். பலகையில் முதுகு படியவில்லை. தோளைப் பலகையோடு அழுத்தினால் கால் எழும்பியது, காலை அழுத்தினால் தலை எழும்பியது. கடைசியில் சவ அடக்கக்காரர் இரண்டு தலையணைகளை அடியில் கொடுத்துவிட்டு, நாளைக்குப் பெட்டியை மூடியே வைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அடுத்த வீட்டு ரொவீனா பிப் அடுப்படியில் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தாள். வந்திருந்த சபைப் பெண்கள் இருவரிடம் லெமுவேல் நடிகரான கதையை அவள் சொல்லிக்கொண்டிருந்தது வாசலுக்கே கேட்டது. படம் எடுத்த வாரம் முழுக்க மனுஷன் இந்தத் தெருவில் ராஜா மாதிரி நடந்தார். எனக்கு வணக்கம் சொல்லவில்லை. என்ன லெம், கண் தெரியவில்லையா என்றால், கேமராக்காரன் பக்கவாட்டில் திரும்பாதே என்று சொல்லியிருக்கிறான் என்றார். பெண்கள் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஐடெல்லாவைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

“சிரிக்கட்டும்” என்றாள் ஐடெல்லா.

“டெயிட் வந்துட்டுப் போனாரு” என்றாள் ரொவீனா. “ஒரு பன்றித்தொடை குடுத்துட்டுப் போனாரு. போட்டோ வர கொஞ்சம் நேரமாகும்னாரு. அந்த மனுஷன் முகமே சரியில்ல. நீ ஏதாவது சாப்ட்டியா?”

அவள் சாப்பிடவில்லை. படம் வெளியான நாள் ஞாபகம் வந்தது. முதல் வரிசையில், கஞ்சி போட்ட சட்டையில், அப்பா. பக்கத்தில் அவள். நான்காவது சுருள் ஓடியது. பந்தங்கள் வந்தன. நாய் சத்தமில்லாமல் குரைத்தது. கதவு வந்தது. உடனே கூட்டம் முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பிப் போனது. ஏன் வந்தார்கள், ஏன் போனார்கள் என்று தெரியாமல் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்பா கைக்குட்டையை எடுத்தார். நான்காக மடித்தார். திரும்ப வைத்துக்கொண்டார். வீட்டுக்கு நடக்கும்போது, பியானோக்காரன் நன்றாக வாசித்தான் என்று மட்டும் சொன்னார். அவர் கேட்பார் என்று அவள் அன்றிலிருந்து காத்திருந்தாள். இருமல் வந்து படுத்த பிறகும், ஒவ்வொரு முறை தண்ணீர் கொடுக்கப் போனபோதும், இப்போது கேட்பார் என்று நினைத்தாள். இன்று காலை வரை அவர் கேட்கவில்லை.

“ஐடெல்லா, இங்க வாடி.”

அம்மா மால்வினா பின்னறையில் கட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு. கையில் கத்தரி. முதுகு வளைந்த உடம்புக்கு அப்படியே போட முடியாது, பின்பக்கம் மேலிருந்து கீழாக வெட்டி வையுங்கள் என்று சவ அடக்கக்காரர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். காலையிலிருந்து அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“எனக்கு மனசு வரல. நீ வெட்டிக் குடு. உனக்குத்தான் கை நேராப் போகும்.”

ஐடெல்லா கோட்டைக் குப்புற விரித்தாள். காலருக்குக் கீழே கத்தரியை வைத்தாள். துணி தடிமனாக இருந்தது.

“அந்த போட்டோ எனக்கு வேணாம்னு டெயிட்கிட்ட சொல்லிடு” என்றாள் அம்மா. “போட்டோவுல மூச்சு இருக்காது.”

ஐடெல்லா வெட்டினாள்.

“இத்தன வருஷமா சினிமாக் கொட்டகைக்குப் போறது பாவம்னு சொல்லிக்கிட்டு இருந்தவ நான். படம் போட்ட அன்னிக்குக்கூட வரமாட்டேன்னுட்டேன். கஞ்சிபோட்ட சட்டைய மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு, கடைசியாக் கேக்கறேன் மால்வினான்னாரு. பைபிளத் தொறந்து வெச்சுக்கிட்டுத் திரும்பியே பாக்கல. மறுநாள் காலையில பூட்ஸ் கட்டறப்பதான் சொன்னாரு.”

“என்ன சொன்னாரு?”

“எல்லாத்தையும்தான். நாலாவது சுருள்ல நான் வர்றேன். கதவத் தொறந்துக்கிட்டு வெளிய வர்றேன். நேரா நிக்கறேன் மால்வினா, கல்யாணத்தன்னிக்கு நின்னேனே, அப்படி. கை நீட்டி ஒவ்வொருத்தனாப் பேர் சொல்றேன், அவன் பந்தத்தக் கீழ எறக்கறான். கொட்டகை முழுக்க எழுந்து நின்னுச்சுன்னாரு. உன்னப் பத்திகூடச் சொன்னாரு. நம்ம பொண்ணு கை பட்ட எடம் எங்கன்னே தெரியல, அவ்வளவு நல்லா ஒட்டியிருக்கான்னு.”

கத்தரி பாதி முதுகில் நின்றது. சமையலறையில் ரொவீனா ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“தினம் சொன்னாருடி. படுத்ததுக்கு அப்புறம் தினம் ஒரு தடவ கேப்பேன். ஒரு தடவ சொன்னது மறு தடவ மாறாது.” அம்மா கோட்டின் கையை எடுத்துச் சுருக்கம் போக நீவிவிட்டாள். “போதகர் என்ன சொன்னாலும் சரி. அடக்கம் முடிஞ்சு திங்கக்கெழம நீ என்ன அவரு படத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போ. பின்னால உக்காந்துக்கறேன். எனக்கு எழுத்து படிக்கத் தெரியாது, எந்த எடம்னு புரியாது. அவரு கதவத் தொறக்கறதுக்கு முன்னாடி மட்டும் என் கையத் தொட்டுடு, என்ன?”